கேரட் மெஷினும் சனிக்கிழமைக் கும்மியும்

எங்கள் அம்மாவை ஆடச் சொல்லி ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்பில் இதை நான் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. மற்றவர்களின் அம்மாக்களுக்கு மாத்திரையும் டானிக்கும் எழுதிக் கொடுத்த அதே டாக்டர், எங்கள் அம்மாவுக்கு மட்டும், சனிக்கிழமை மூன்று மணி, சமுதாயக் கூடம், பாட்டும் ஆட்டமும் என்று எழுதியிருந்தார். அப்பா அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்பா ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் உரக்கடை வைத்திருந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம் நாங்கள். அந்த வருஷம் மழைக்காலத்தில் அம்மா ஆஸ்பத்திரிக்குத் தம்பியைக் கூட்டிவரப் போனாள். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். பத்து நாள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தாள். தம்பி எங்கே என்று கேட்டேன். "சாமிகிட்டயே இருந்துக்கறேன்னுட்டான் அம்மணி" என்றார் அப்பா. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனவன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. அவனுக்காக என் பழைய கம்பளிக் குல்லாவைக்கூட விட்டுக் கொடுத்திருந்தேன்.

அதன் பிறகு அம்மா வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரி இருந்தாள். சோறு ஆக்கினாள், என் சீருடையைத் துவைத்து அடுப்புக்கு மேலே கயிற்றில் காயப்போட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் வராது. எனக்கு ஒரு பக்கச் சடையைப் பின்னிவிட்டு, மறுபக்கத்தை மறந்து, ஜன்னலோரம் போய் நின்றுவிடுவாள். வெளியே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் இறங்கிக் கிடக்கும். அதில் அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று நானும் எக்கி எக்கிப் பார்ப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

முதல் சனிக்கிழமை அப்பா எங்களை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டார். சமுதாயக் கூடம், கேரட் கழுவும் கொட்டகைக்கு அடுத்தாற்போல் இருந்தது. உள்ளே இருபது பெண்கள் இருப்பார்கள். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள், பஜாரில் பேக்கரி வைத்திருந்த பாய் வீட்டம்மா, முட்டி வலிக்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், ராத்திரி தூக்கம் வராதவர்கள். கூட்டத்தை நடத்திய நர்ஸக்கா எல்லோருக்கும் ஒரே மருந்தைத்தான் கொடுத்தார். ஸ்பீக்கரில் பென் டிரைவைச் செருகிக் கும்மிப் பாட்டைப் போடுவார். வட்டமாகச் சுற்றி வந்து, குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. அவ்வளவுதான்.

ஸ்வெட்டரும் மஃப்ளருமாக ஆரம்பிக்கிறவர்கள், உடம்பு சூடேறியதும் ஒவ்வொன்றாகக் கழற்றி பெஞ்சில் குவிப்பார்கள். நான் அந்தக் குவியலில் ஏறிப் படுத்துக்கொள்வேன். விறகுப் புகையும் யூகலிப்டஸ் தைலமும் கலந்து மணக்கும். திறந்த கதவு வழியாக மேகம் கூடத்துக்குள்ளேயே வந்துவிடும். ஆடுகிறவர்களின் கால்கள் தெரியாது. இடுப்புக்கு மேலே மட்டும் மிதந்து மிதந்து சுற்றுவார்கள். வளையல் சத்தம் ஒரு சமயம் காதருகேயும் ஒரு சமயம் எங்கோ மலைக்கு அந்தப் பக்கத்திலும் கேட்கும். அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டு கிடப்பேன். எது தூக்கம், எது கூடம் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அந்த மேகத்துக்குள்ளிருந்து அம்மா சிரித்தாள். பாய் வீட்டம்மா தப்பான பக்கம் சுற்றி அவள் மேல் இடித்துவிட்டு, "எனக்கு லைசென்ஸ் குடுக்காம இருந்ததே நல்லதாப் போச்சுங்க" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எழுந்து உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டில் நான் குரங்கு மாதிரி நடந்து காட்டியிருக்கிறேன், விடுகதை போட்டிருக்கிறேன், வேண்டுமென்றே சேற்றில் வழுக்கி விழுந்துகூடப் பார்த்திருக்கிறேன். அதற்கெல்லாம் சிரிக்காதவள், யாரோ வந்து இடித்ததற்குச் சிரிக்கிறாள். இருக்கிற சிரிப்பையெல்லாம் இங்கேயே கொட்டிவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு வருகிறாள் என்று முடிவு செய்தேன். இந்தக் கூட்டம் நின்றால் மிச்சமிருக்கும் சிரிப்பு எனக்குத்தானே வந்தாக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, நர்ஸக்கா வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தபோது, பென் டிரைவை உருவிக்கொண்டு பின்பக்கமாக வெளியே போனேன். எங்காவது ஒளித்து வைப்பதுதான் என் எண்ணம். ஆனால் கொட்டகையில் கேரட் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய இரும்பு டிரம், அதற்குள் மூட்டை மூட்டையாகக் கேரட், மேலிருந்து தண்ணீர். டிரம் உருள உருள மண் கரைந்து உள்ளேயிருந்து நிறம் வரும். வேடிக்கை பார்க்காமல் எந்தப் பிள்ளையாலும் அதைத் தாண்டிப் போக முடியாது. கழுவியதைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்த அண்ணன், "அம்மணிக்குக் கேரட் வேணுங்களா?" என்று இரண்டை நீட்டினார். கையில் இருப்பதை மறந்து இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன். பென் டிரைவ் கேரட் குவியலுக்குள் போய்ச் சேர்ந்தது. எந்த மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பயணப்பட்டதோ தெரியாது. யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. கேரட்டைக் கடித்துக்கொண்டே கூடத்துக்குத் திரும்பினேன்.

உள்ளே நர்ஸக்கா பெஞ்சைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார். போனில் பாட்டுப் போடலாமென்றால் அந்தப் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. "அடுத்த வாரம் பாத்துக்கலாங்களா அக்கா?" என்றார். பெண்கள் ஸ்வெட்டரைத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார்கள். அம்மா மட்டும் கூடத்தின் நடுவில் அசையாமல் நின்றாள். முதல் தட்டுக்குக் கைகளைத் தூக்கி வைத்திருந்தாள்.

"இன்னும் ஏழு நாளைக்கு என்னால தாங்க முடியாதுங்க" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஜன்னலோரம் நிற்கும்போது இருக்கும் முகம் அவளுக்கு வந்துவிட்டது. நான் செய்தது பெரிய தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. வாயில் இருந்த கேரட்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

யாரும் பேசாததால் கொட்டகைச் சத்தம் நன்றாகக் கேட்டது. டிரம்முக்குள் கேரட் ஏறிச் சரிந்து, ஏறிச் சரிந்து, தடக் தடக்கென்று விழுந்துகொண்டிருந்தது. பாய் வீட்டம்மா அதற்குக் கை தட்டிப் பார்த்தார். பொருந்தி வந்தது. "இது போதாதுங்களா? யாராச்சும் பாட்டெடுங்க" என்றார்.

அம்மாதான் எடுத்தாள். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு குரல் வந்தது. கும்மிப் பாட்டு இல்லை, ஆராரோ என்று ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கோ, மாமன் தொட்டில் கொண்டு வருவான் என்று பாடிக்கொண்டே போனாள். தாலாட்டுக்கு யாராவது கும்மி அடிப்பார்களா? அடித்தார்கள். யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெல்லத் தட்டி, மெல்லச் சுற்றி வந்தார்கள். மெஷினும் நிற்கவில்லை, அம்மாவும் நிறுத்தவில்லை.

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எட்டு வயதுப் பெண்ணுக்கு ஊரைக் கூட்டி வைத்துத் தாலாட்டுப் பாடினால் என்ன செய்வது? ஆனாலும் பெருமையாக இருந்தது. வட்டத்துக்குள் நுழைந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் சுற்றினேன். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சளி பிடித்த மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா எப்போது வந்தார் என்று தெரியாது. தலையில் ஹெல்மெட்டும், முகத்தை மறைத்து இறக்கிவிட்ட அதன் கண்ணாடியுமாகக் கதவருகே நின்றிருந்தார். பாட்டு முடிந்தும் கழற்றவில்லை. நர்ஸக்கா நீட்டிய டீயைத் தலையாட்டி மறுத்துவிட்டார். வீடு வந்து சேர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அது தலையிலேயே இருந்தது. "கழட்டுங்கப்பா" என்றேன். "குளுருது அம்மணி" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் அப்படி என்ன குளிர் என்று எனக்குப் புரியவே இல்லை.