ஆடுது

எங்கள் பட்டறையில் என் மாமாவுக்குப் பேர் ‘ஆடுது’. என் அக்கா புருஷன். பெற்றவர்கள் வைத்த பேரும் இருந்தது, அக்காவுக்குக் கோபம் வந்தால்தான் அது வெளியே வரும்.

பேர் வந்த விதம் இதுதான். காரில் முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிப்பது பால் ஜாயின்ட். கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை, அதற்கு ஒரு தண்டு, அவ்வளவுதான். தேய்ந்தால் ஆட ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் ஓடுகிற ஓட்டத்தில் கழன்று, சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். அதைப் பார்க்க எங்கள் பட்டறையில் இரண்டு பேர் வேண்டும். வண்டியைத் தூக்கி நிறுத்தி நான் கடப்பாரை போட்டு நெம்புவேன். மாமா அடியில் படுத்து ஜாயின்ட்டைக் கையில் பொத்திக்கொள்வார். கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து கீழேயிருந்து குரல் வரும்: “ஆடுது.” இல்லையென்றால், “ஆடல.” அதற்கு மேல் பேச்சு கிடையாது.

போன மாதம் அக்கா என்னிடம் சொன்னாள்: “அடுப்புல இருந்த பாத்திரத்தை வெறுங்கையால இறக்கி வெச்சிட்டு நிக்கிறாருடா. கொப்புளம் வந்த பிறகு நான்தான் காட்டினேன். சூடு தெரியலையான்னா, தெரியலங்கிறாரு. சர்க்கரை நரம்பைத் தின்னுடுச்சாம். யார்கிட்டயும் சொல்லாதேங்கிறாரு.”

நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வண்டிகள் வந்தன, போயின.

அப்புறம் ஒரு நாள் வாடகைக் கார் டிரைவர் வந்தார். வாய் ஓயாத மனுஷன். “வண்டி திரும்பும்போது டக் டக்குனு சத்தம் வருது அண்ணே. பின்னாடி உக்காந்திருக்கிறவங்க என் பல்லு ஆடுதானு பாக்குறாங்க.”

வண்டியைத் தூக்கினோம். மாமா படுத்தார். நான் நெம்பினேன். கடப்பாரை வழியாகவே என் கைக்கு அது தட்டியது, டக், டக் என்று. மாமா கண்ணை மூடியிருந்தார்.

“ஆடல.”

“அவர் ஆடலன்னா ஆடல,” என்று டிரைவர் சாவிக்குக் கை நீட்டினார். “அப்போ நான் கிளம்புறேன். சவாரி காத்துக்கிட்டு இருக்கு.”

நான் சாவியைக் கொடுக்கவில்லை. “இன்னொரு தடவை பாத்துடலாம் மாமா.”

“ஏன்? என் கை மேல சந்தேகமா?”

“பாருங்க மாமா.”

மறுபடி நெம்பினேன், கொஞ்சம் பலமாகவே. ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் பிதுங்குவது நின்றிருந்த எனக்கே தெரிந்தது.

“ஆடல.”

குனிந்து சன்னமாகச் சொன்னேன்: “அக்கா சொல்லிடுச்சு.”

அவர் முதுகால் நகர்ந்து வெளியே வந்தார். கந்தலில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

“நீ படு.”

படுத்தேன். அவர் நெம்பினார். உள்ளங்கையில் உருண்டை புரண்டு இடித்தது. அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

“என்னடா, தூங்கிட்டியா?”

“ஆடுது மாமா.”

“அப்போ கழட்டு.”

நட்டின் குறுக்கே செருகியிருந்த பின்னை உருவினேன். நட்டைத் தளர்த்தினேன். “முழுசா எடுத்துடாதே, ரெண்டு மரை விட்டு வை, இல்லேன்னா கை கீழே துள்ளி உன் மூஞ்சியப் பேத்துடும்,” என்றார். எனக்குத் தெரிந்ததுதான். சரி என்றேன். தண்டு உட்கார்ந்திருந்த இரும்பு வளையத்தின் இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே சமயத்தில் அடித்தோம். டொக்கென்று விட்டது. புதியதைப் பூட்டி இறுக்கினேன். பின் நுழையும் ஓட்டை நேராக வரவில்லை. தளர்த்தாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ஜாயின்ட்டை எடுத்துத் தண்டை விரலால் தள்ளினார். செத்த கோழியின் கழுத்து மாதிரி தொங்கியது. அதைக் கண்ணால்தான் பார்த்தார்.

டிரைவருக்கு வாய் சும்மா இருக்குமா? “இனிமே உங்க ரெண்டு பேர்ல யாரை ஆடுதுனு கூப்பிடுறது?”

“அவனைக் கூப்பிடு,” என்றார் மாமா.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கச் சக்கரத்துக்குப் போனார். நான் போய்ப் படுத்தேன்.