மக்கும் என்று சொன்ன வாய்

சின்னமனூரில் சுருளிவேலை ஏமாற்றி ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக்கூட விற்றுவிட முடியாது. புளியை நாக்கில் வைத்துப் பார்ப்பார், அரிசியை மென்று பார்ப்பார். எண்ணெய்க்காரர் இவர் வருவதைத் தூரத்தில் கண்டாலே நல்ல டின்னாகத் தேடி முன்னால் எடுத்து வைப்பார். தொண்ணூற்றெட்டில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பொட்டலச் சாப்பாட்டுக் கடை போட்ட நாள் முதலாக, சுருளிவேல் பார்த்து வாங்கினால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சைக் கேட்டால் அவருக்குச் சோறே வேண்டாம். இன்றைக்கு அவர் உள்ளுக்குள் கூனிக் குறுகிக் கிடப்பதற்கும் அந்தப் பேச்சுதான் காரணம்.

இரண்டாயிரத்து ஐந்தில் மேகமலை எஸ்டேட் ஒன்றிலிருந்து பாண்டியராஜன் என்ற சூப்பர்வைசர் கடைக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர்களுக்குத் தினமும் மதியப் பொட்டலம் வேண்டும், ஜீப்பில் அனுப்பினால் போதும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. யானையும் காட்டுமாடும் மேய்கிற இடம், அதனால் பிளாஸ்டிக் மேலே வரக்கூடாது. சாப்பிட்டுவிட்டு மண்ணில் போட்டால் மக்குகிற பொட்டலமாக இருக்க வேண்டும்.

முதலில் வாழை இலையில் கட்டிப் பார்த்தார் சுருளிவேல். அந்த ரோட்டில் ஜீப் குதித்த குதியில் இலை கிழிந்து, புளிசாதமும் செய்தித்தாளும் ஒன்றாகிவிட்டன. பாக்குமட்டைத் தட்டு நன்றாக இருந்தது, ஆனால் விலை கட்டவில்லை, மேலே மூடவும் ஒன்று வேண்டும். மதுரையில் ஒரு கடைக்காரர் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்பக்கம் பளபளவென்று இருந்தது. குழம்பை ஊற்றினாலும் ஒழுகவில்லை. பேப்பர்தானே, மண்ணுக்குள் போனால் மக்கிவிடும் என்றார் கடைக்காரர். அரிசியை மென்று பார்க்கிற மனிதர், அந்தப் பளபளப்பை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்க்கவில்லை. கடைப் பெயரோடு 'மக்கும் தாள்' என்று பச்சை மையில் அச்சடித்து, கட்டுக்கட்டாக வாங்கிவந்து இறக்கிவிட்டார்.

மெய்யாகவே மக்குமா என்று பாண்டியராஜன் கேட்டபோது, புதைத்தே பார்த்துவிடுவோம் என்று இவரே முன்வந்தார். அடுப்படிக்குப் பின்னால் கழனித்தண்ணி ஊற்றுகிற இடத்தில் இரண்டு தாளைப் புதைத்தார். நாற்பது நாள் கழித்துத் தோண்டினார். காகிதம் போய்விட்டிருந்தது. ஆனால் விரலோடு வேறு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. குழாயடியில் கழுவிப் பார்த்தால், தாள் எந்த அளவோ அதே அளவுக்கு, வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம். இழுத்தால் நீண்டதே தவிர மக்கவில்லை.

அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார். வாங்கிய தாள் வீணாகிவிடுமே என்ற கவலைகூட அப்போது இல்லை. சுருளிவேலையே ஒருத்தன் ஏமாற்றிவிட்டானாம் என்று ஊர் சிரிக்குமே, அதுதான் உறைத்தது. படலத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் பாண்டியராஜன் போன் பண்ணி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"மக்கிருச்சு," என்றார் சுருளிவேல். காகிதம் மக்கியது நிஜம்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

இரண்டு வருடம் வண்டி ஓடியது. இரண்டாயிரத்து ஏழு மழை, பொட்டலம் புதைத்த குழியை அரித்துக்கொண்டு போனதில், தேயிலைக்கு நடுவே ஓடுகிற கால்வாய்களெல்லாம் மண்ணும் படலமுமாக அடைத்துக்கொண்டன. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளைச் சுற்றியும் அதேதான் மிதந்தது. மேலிடத்திலிருந்து பாண்டியராஜனுக்குச் சரியான வசவு. அவர் ராஜாத்தியைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்ட பொட்டலங்களைப் பொறுக்கி லைன் வீட்டுக்குப் பின்னால் குழியில் போட்டு மூடுகிறவள் அவள். சந்தையிலிருந்து லைன்காரர்கள் திருட்டுத்தனமாகப் பிளாஸ்டிக் கொண்டுவந்து அந்தக் குழியில் போடுகிறார்கள், அவளும் உடந்தை என்பது அவர் கணக்கு. சின்னமனூர்ப் பொட்டலம் தவிர வேறு எதுவும் அந்தக் குழிக்குள் போகவில்லை என்று அவள் சத்தியம் பண்ணினாள். வேண்டுமானால் அந்தக் கடை அண்ணனையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றாள்.

கூப்பிட்டார்கள். சுருளிவேல் ஜீப்பில் ஏறிப் போனார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்தில் நாற்பது பெண்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். இவரைப் பார்த்ததும் ராஜாத்தியின் முகம் தெளிந்தது. பாண்டியராஜன் கையில் சேறு சொட்டும் படலம் ஒன்று தொங்கியது. சுருளிவேலுக்கு அது முன்பே பழக்கமான சாமான்.

"அண்ணே, ஒங்க தாள் மக்குமா, மக்காதா? நீங்க சொன்னாப் போதும்," என்றார் பாண்டியராஜன்.

உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாற்பது பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது அப்படியே திரும்பிப் போயிற்று.

"மக்கும். பொதைச்சுப் பாத்துத்தான வாங்குனேன்," என்றார்.

ராஜாத்தி அவரோடு சண்டைக்கு வந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பார். அவள் அவரை நம்பினாள். தான் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு அவர் சொன்னதை நம்பினாள்.

"அப்ப நாங்கதான் எதையோ கொண்டாந்து போட்டுருக்கோம்ணே. ஒங்க பேர வேற இழுத்து விட்டுட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக."

"பரவால்ல தாயி," என்றார் அவர்.

பொய்யையாவது பயத்தில் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் 'பரவால்ல' எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. மன்னிக்கிற இடத்தில் அல்லவா போய் நின்றுகொண்டார். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை, லைன் பெண்கள் எல்லாரும் அட்டைக்கடியோடு கால்வாய்களில் குனிந்து பொறுக்கினார்கள் என்று ஜீப் டிரைவர் சங்கிலி வந்து சொன்னார். சுருளிவேலுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே மிச்சத் தாளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு, வாழை இலையைத் தணலில் வாட்டி, இரட்டையாகப் போட்டு, நாரில் இறுக்கிக் கட்டினார். வாட்டிய இலை கிழியாது என்பது அவருக்குத் தெரியாத சங்கதியா? காலையில் ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த உடம்பு வணங்காத்தனத்துக்குத்தான் தாள் தேடி மதுரை வரை போனார். சுருளிவேல் மாதிரி வருமா, இலைக்கே மாறிவிட்டார் பாருங்கள் என்று ஊர் அதற்கும் மெச்சியது. அவருக்கு எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது தீபாவளிக்குத் துணி எடுக்க ராஜாத்தி கீழே வந்தாள். கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, இலையில் சோறு மணமாக இருக்கிறது என்று மனசாரச் சொன்னாள். அவருக்குத் தாங்கவில்லை.

"அன்னைக்கு அது என் தாளுதான் தாயி. மக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் பொட்டலத்தை மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

"இத எங்கிட்ட எதுக்குண்ணே சொல்றீக? அன்னைக்கு எல்லாரும் நிக்கையிலதான ஒங்களக் கேட்டாக. அங்கன வந்து சொல்லுங்க."

இந்த வாரமே வருகிறேன் என்றார் சுருளிவேல். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அது நடந்து ஒரு வருடம் ஆகிறது. தினமும் காலையில் பொட்டலக் கூடையை அவரே தூக்கி ஜீப்பில் ஏற்றுகிறார். மேலே ஏதோ வேலை இருக்கிறதென்று சொன்னீர்களே, வருகிறீர்களா என்று சங்கிலி அவ்வப்போது கேட்கிறார். இன்றைக்குக் கடையில் ஆள் இல்லை என்கிறார் சுருளிவேல்.