மாவு மில்லின் நீலப் பொத்தான்

குழந்தை பிறந்த பிறகு தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, கணவரின் மசாலா அரைக்கும் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். கடை லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்தில் இருக்கிறது. மிளகாய் நெடி குழந்தைக்கு ஆகாது என்று கல்லாவைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு போடச் சொன்னேன். போட்ட பிறகு, உள்ளே காற்று போதுமா என்று கவலைப்பட்டேன்.

நான் மின்துறையில் டிப்ளமா படித்தவள். அதனால் கடையில் மின்சாரம் பற்றிய எந்தக் கேள்வியும் என்னிடம்தான் வரும். தைப்பூச நெரிசலில் வந்த கேள்வி ரிலேயைப் பற்றியது.

மிளகாய் சரியாகக் காயாவிட்டால் அரைக்கும் கல் இறுகிவிடும். மோட்டார் சுற்ற முடியாமல் திணறி, அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கும். அந்தச் சூட்டில் பின்சுவர்ப் பெட்டியிலுள்ள ரிலே மோட்டாரை நிறுத்திவிடும். அதன்பின் மில்லின் பக்கத்திலுள்ள பச்சைப் பொத்தானை எத்தனை முறை அமுக்கினாலும் ஓடாது. பின்னால் போய் ரிலேயின் நீலப் பொத்தானை அமுக்கிவிட்டு வர வேண்டும். நீலப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகியும் உண்டு. அதை ‘எச்’ என்ற எழுத்தில் வைத்தால் இப்படிக் கையால்தான் விடுவிக்க வேண்டும். ‘ஏ’ என்பதில் வைத்தால் ஆறியதும் ரிலே தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும்.

“ஏ-ல திருப்பி வச்சிடு. ஒவ்வொரு தடவையும் மூட்டையத் தாண்டி ஓட முடியல லா,” என்றார் கணவர்.

“வேணாங்க. எதுக்கு நின்னுச்சுன்னு பாக்காம ஓட்டினா மோட்டார் எரிஞ்சிடும்.”

“ஏ-ன்னா ஆட்டோ. எச்-ன்னா என்ன, ஹவுஸ்வைஃபா?”

வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். ஒருவேளை நான்தான் புத்தகத்தில் படித்ததைப் பிடித்துக்கொண்டு அவருக்கு வேலை வைக்கிறேனோ என்றும் தோன்றியது. கடை மூடும்போது திருப்பிவிடலாம் என்று பாதி முடிவு செய்திருந்தேன்.

மதியம் கல் மறுபடி இறுகி, ரிலே மோட்டாரை நிறுத்தியது. அவர் மில்லின் மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெகு நேரம் ஆனது. கெப்பாலா பத்தாஸ் ஊரிலிருந்து பஸ்ஸில் மிளகாய் கொண்டுவந்திருந்த ஓர் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

“தம்பி, எனக்கு பஸ் போயிடும் லா. நான் அமுக்கவா?”

மிளகாய் வறுக்கும் சத்தத்தில் கணவருக்குக் கேட்கவில்லை. அந்த அக்காவின் கை பச்சைப் பொத்தானுக்குப் போவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். மடியில் குழந்தை. அணைத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் அக்கா அமுக்கினார். இன்னொரு முறையும் அழுத்தமாக அமுக்கினார். மோட்டார் அசையவில்லை.

“உங்க பட்டன் ரோசாக், கெட்டுப்போச்சு தம்பி! அமுக்கினா ஒண்ணுமே ஆகல!”

கணவர் நிமிர்ந்து, பொத்தானின் மேலிருந்த விரலைப் பார்த்தார். தன் கையை மெதுவாக வெளியே எடுத்தார். மணிக்கட்டு வரை சிவப்பாக இருந்தது, மிளகாய்த் தூள்தான்.

“ரோசாக் இல்லக்கா,” என்றார்.

அதற்குள் ரிலே ஆறியிருக்கும். திருகி ‘ஏ’-யில் இருந்திருந்தால் முதல் அமுக்கிலேயே கல் சுற்றியிருக்கும்.

கடை மூடும்போது, “நல்லவேளை, ரிலே காப்பாத்திடுச்சு,” என்றார்.

“அதுக்கு உங்க கை தெரியாதுங்க. மோட்டார் சூடானது மட்டும்தான் தெரியும். நீங்களே சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்திட்டு கைய விட்டிருந்தா, பச்சையை அமுக்கினதும் ஓடியிருக்கும்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அப்ப என்ன செய்யலாம், சொல்லு.”

திருகி ‘எச்’-சிலேயே இருக்கிறது. இப்போது மூடியைக் கழற்றுவதற்கு முன் மெயின் சுவிட்சை இறக்கி, அதன் துளையில் பூட்டு போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

“மில்லை யாருப்பா திருடப் போறா?” என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்தால், “சம்சாரத்தோட சட்டம் லா,” என்கிறார்.

பூட்டோடு இரண்டு சாவிகள் வந்தன. இரண்டாவதைக் கடையில் யார் கையிலும் படாதபடி வீட்டில் வைத்துவிட்டேன். ஆனாலும் அவர் மூடியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும், அது கல்லாவில் இல்லை என்று பார்த்துக்கொள்கிறேன்.