ஐநூறு வாட் வயிற்றெரிச்சல்

பதினெட்டு வருடமாக ஒரே நோட்ஸை வைத்து இயற்பியலை ஓட்டி வந்த டீச்சருக்கு, பக்கத்து வகுப்புக்குப் புது டீச்சர் வந்த நாளிலிருந்து வயிற்றெரிச்சல். நேற்று சுவர் தாண்டிக் கைதட்டல் கேட்டதும் எட்டிப் பார்த்தார். எதிர் மின்னூட்டம் ஏற்றிய துத்தநாகத் தகட்டின் மேல் அந்தப் பெண் சுண்டுவிரல் அளவு புற ஊதா விளக்கைக் காட்டினாள். தகட்டோடு இணைத்த நிலைமின்காட்டியில் விரிந்து நின்ற மெல்லிய உலோக இலைகள் சட்டென்று சுருங்கின. ஒளி பட்டு எலெக்ட்ரான்கள் ஓடிவிட்டனவாம்.

“இத்துனூண்டு விளக்குக்கே இவ்வளவு ஆட்டமா?” என்று கறுவிக்கொண்டு, போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பியிடம் ஐநூறு வாட் மஞ்சள் விளக்கை இரவல் வாங்கி, இன்று வகுப்புக்குத் தூக்கி வந்து அதே போன்ற தகட்டின் மேல் காட்டினார். பிள்ளைகளுக்குக் கண் கூசியது. டீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. இலைகள் மட்டும் அசையவில்லை. விளக்கை இன்னும் கிட்டே நகர்த்தினார். ம்ஹூம்.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். “டீச்சர், மஞ்சள் மாதிரி வெளிச்சத்த எவ்வளவு கூட்டினாலும் அதிர்வெண் பத்தலன்னா எலெக்ட்ரான் வராதுன்னு நோட்ஸ் குடுத்தீங்களே, அதைக் காட்டத்தானே இது?”

பதினெட்டு வருடம் சொன்ன பாடத்தைப் பொறாமை விழுங்கியிருந்தது. டீச்சர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“பின்னே?” என்றார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சத்தம் கேட்டு வந்த புது டீச்சர் வாசலில் முகம் வாடி நின்றாள். “வராததக் காட்டிப் புரிய வைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையேக்கா.”

“அதுக்கெல்லாம் அனுபவம் வேணும்மா” என்று டீச்சர் விளக்கை அணைத்தார். வயிறு குளிர்ந்திருந்தது.