நேரில் வந்ததற்குச் சாட்சி

மார்லீன் சொபோட்காவிடம் பாஸ்போர்ட் கிடையாது. அமெரிக்காவில் அவள் இருக்கும் நெப்ராஸ்கா மாநிலத்தை விட்டு அவள் போன அதிகபட்ச தூரம் டென்வர்; அதுவும் அக்காவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக. ஆனால் பத்தொன்பது வருடங்களாகப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து, யார் இந்த நாட்டில் இருக்கலாம், யார் மூட்டை கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வேலைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்றார்கள். வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு முழுக்க முழுக்க ஆன்லைனிலேயே அதை வாங்கினாள். எங்கே உட்கார்ந்து படித்தாய் என்று அவளை யாரும் கேட்கவில்லை.

மாணவர் விசாவில் வருபவர்களைத்தான் கேட்பார்கள். பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் கணக்கில் சேரும். மற்றவற்றுக்கு உடம்போடு வர வேண்டும். பட்டத்துக்கு ஒரே பாடம் பாக்கி என்றால் அந்த ஒன்றும் ஆன்லைனில் கூடாது. இதைச் சொல்லும்போதெல்லாம் ஆரம்பத்தில் மார்லீன் கூடவே மன்னிப்பும் கேட்பாள். எந்த வருடம் அது நின்றது என்று அவளுக்கே நினைவில்லை.

நோமின் வந்தது ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை; பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் கடைசி நாள். மங்கோலியாவிலிருந்து வந்து மூன்றரை வருடம் ஆனவள். புள்ளியியல் மட்டும் பாக்கி. அந்தப் பருவத்தில் அது ஆன்லைனில்தான் நடந்தது. பதிவும் செய்துவிட்டிருந்தாள். ஒரு வாரமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு நூலகத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பாட வீடியோக்களைப் பார்த்து வந்தாளாம்.

"தினமும் காம்பஸுக்கு வந்துதானே பாக்கறேன்?"

"நீ வர்றே, கண்ணு. பாடம் வரலையே."

இப்படியே விட்டால் விசாப் பதிவு ரத்தாகும், பட்டம் இல்லாமல் ஊருக்குப் போக வேண்டியிருக்கும் என்று மார்லீன் விளக்கினாள். நோமின் சரி என்றாள். நேரடி வகுப்பு வரும்வரை படிக்காமல் இங்கே காத்திருக்கவும் முடியாது என்றாள் மார்லீன். அதற்கும் சரி. அழவில்லை, கெஞ்சவில்லை. ஓமாஹா நகரில் கிடைத்திருந்த வேலையும் போய்விடும் என்பதை, யாரோ ஒருத்தியின் வேலையைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னாள். மார்லீனுக்கு அந்தக் குரல் பழக்கமான குரல். காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் இருப்பவளின் குரல் அது.

அதனால்தானோ என்னவோ, பல வருடங்களாக மனப்பாடமாக ஒப்பித்துவந்த விதியை எடுத்து மறுபடி படித்தாள். வகுப்புக்கோ தேர்வுக்கோ மாணவர் நேரில் வரத் தேவையில்லை என்றால்தான் அது ஆன்லைன் பாடம். தேர்வுக்கு வந்தே தீர வேண்டும் என்றால்? அது ஆன்லைன் இல்லை.

புள்ளியியல் பேராசிரியர் ஹார்லன் ட்வீட் மூட்டுவலிக்காக அரிசோனாவில் குடியேறி, அங்கிருந்தபடி பாடம் நடத்துகிறவர். மார்லீன் அவரைப் போனில் கூப்பிட்டு, தேர்வை மட்டும் வளாகத்தில் நேரில் வைக்க முடியுமா என்று கேட்டாள்.

"மத்த முப்பத்திநாலு பேரும் பண்ணைகள்ல இருக்காங்க, மார்லீன். ஒருத்தன் டிராக்டர் ஓட்டிக்கிட்டே பாடம் கேக்கறான். அவனையெல்லாம் எப்படி வரச் சொல்றது?"

அப்படியானால் நோமினுக்கு மட்டும் தனிப் பிரிவு. பதிவாளர் அலுவலக ஊழியன் ட்வைட் அதைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஒரு ஆளுக்கு ஒரு வகுப்பு. வாத்தியாரே ஊர்ல இல்ல. இதை நேரடி வகுப்புன்னு நான் எழுதணும்?"

"வாத்தியார் வரணும்னு எங்கயும் எழுதலை, ட்வைட். அவ வரணும், அவ்ளோதான்."

நாலே முக்காலுக்குப் பிரிவு திறந்தது. அதே வீடியோ, அதே வீட்டுப்பாடம், அதே அரிசோனா. ஒரே வித்தியாசம், டிசம்பரில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நோமின் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும்.

அந்த நாளில் பார்த்துப் பனி கொட்டியது. விடிந்ததும் பல்கலைக்கழகத்திலிருந்து எல்லோருக்கும் மின்னஞ்சல்: வளாகம் மூடல், இன்றைய தேர்வுகள் அனைத்தும் ஆன்லைனில், வீட்டிலேயே பத்திரமாக இருங்கள். எல்லா மாணவர்களும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மார்லீன் காபிக் கோப்பையோடு அதை இரண்டு முறை படித்தாள். நோமின் அறையிலிருந்து எழுதினால் பருவம் முழுக்கப் படித்த பாடம் ஒரே காலையில் ஆன்லைனாகிவிடும். மறுநாளோடு பருவமே முடிகிறது, தள்ளிப்போடவும் வழியில்லை.

பேராசிரியர் ஹார்லனைக் கூப்பிட்டு வினாத்தாளைத் தனக்கு அனுப்பச் சொன்னாள். பிறகு நோமினை.

"வெளிய வர முடியுமா? பூட்ஸ் இருக்கா?"

"எங்க ஊர் உலான்பாத்தர்ல இதையெல்லாம் பனின்னே சொல்ல மாட்டோம்."

நான்கு மைல் வர மார்லீனின் பிக்கப் வண்டிக்கு நாற்பது நிமிடம் ஆனது. தேர்வுக் கூடத்தின் சாவி அவளிடம் இல்லை. தன் அலுவலகத்தைத் திறந்தாள். ஹீட்டரை அணைத்துவிட்டிருந்தார்கள். நோமின் கோட்டைக் கழற்றாமல் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து எழுதினாள். கண்காணிப்பாளர் கண்ணை எடுக்கக் கூடாது என்பதால் மார்லீன் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்தொன்பது வருடங்களில் எந்த மாணவரையும் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பார்த்ததில்லை. அதனால் பெரிதாக ஒன்றும் தோன்றிவிடவில்லை. கால் விரல்கள் மரத்துப்போயின. நோமினின் இடது காதில் தோடு இல்லை, அவசரத்தில் மறந்திருப்பாள்.

தாளை ஸ்கேன் செய்து அனுப்பியதும், வேறு வேலையில்லாத ஹார்லன் அரை மணியில் திருத்தி அனுப்பிவிட்டார். எண்பத்தொன்று. மார்லீன் சொன்னாள். நோமின் தலையாட்டினாள்.

"அப்போ நான் நேர்ல வந்ததா ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

படிவத்தில் தேர்வு நடந்த இடம் என்ற கட்டத்தில் தன் அறை எண்ணை எழுதி, சாட்சி என்ற இடத்தில் மார்லீன் கையெழுத்திட்டாள். எதிரே நோமின் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே உக்காந்திருக்கட்டுமா?"

"இரு," என்றாள் மார்லீன். "கூடாதுன்னு எங்கயும் எழுதலை."