அரக்குச் சேலைக்காரி

நாவலூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. புதிதாகச் சேர வருகிறவர்கள் கொண்டுவரும் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் அசலா போலியா என்று பார்ப்பேன். போட்டோவையும் எதிரே நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, காது, தாடை, மூக்கு நுனி என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்ப்பேன். பதினைந்து வருடமாக இதே பிழைப்பு. யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பக் கூடாது, அதற்குத்தான் சம்பளம். அந்தக் குணம் வீட்டுக்கும் வந்துவிடுகிறது என்று என் வீட்டுக்காரர் குறைபட்டுக்கொள்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். காய்கறிக் கடையில் அழுகல் தக்காளியை வாங்கிக்கொண்டு வருவது அவர்தான், நானில்லை.

பொங்கல் முடிந்த ஒரு சனிக்கிழமை எங்கள் பிரிவில் உள்ளவர்களை ஆபீஸில் வெளியே கூட்டிப்போனார்கள். போன வருடம் ரிசார்ட், நீச்சல் குளம். இந்த வருடம் மேலிடத்துக்குக் கலை ஆர்வம் வந்துவிட்டது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஈ.சி.ஆரில், கடலைப் பார்த்த ஒரு பெரிய தோட்ட பங்களாவை ஓவிய மியூசியமாக மாற்றியிருக்கிறார்கள், பார்த்துவிட்டு அப்படியே சாப்பாடு என்றார்கள். பஸ் கேட்டுக்குள் திரும்பியதும் எனக்குத் திக்கென்றது. அது சவுக்குத்தோப்பு பங்களா.

என் அம்மா கல்யாணமான புதிதில் அங்கே கூலி வேலை பார்த்தவள். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பறிப்பது, சவுக்கு நாற்றுக்குத் தண்ணீர் தூக்குவது. பங்களாக்காரர் சென்னையில் தொழில் செய்தவர், படமும் சிலையுமாக வாங்கிச் சேர்ப்பதில் பைத்தியம். தோட்டத்துக்கு மேற்கே காலனியில்தான் அப்போது எங்கள் வீடு. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அதை விட்டுக் கருங்குழிக்குப் போய்விட்டோம். பிறகு கோவளத்தில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம், பஸ் இந்த கேட்டைத் தாண்டும் இடத்தில் அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துகொள்வாள். ஏன் என்று கேட்டால் "வெயிலு" என்பாள். வெயில் எதிர்ப்பக்க ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்கும்.

உள்ளே எல்லாம் ஏசி. பங்களாக்காரர் படுத்த கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அவருடைய செருப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, அதற்குத் தனியாக ஒரு விளக்கு. வெறும் மணல்மேட்டை அவர் சோலையாக்கினார் என்று ஒரு பலகை சொன்னது. அவர் கையில் மண்வெட்டி எப்போது இருந்தது என்று பலகை சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு மற்றவர்கள் பின்னால் நடந்தேன்.

மாடியில் கடலைப் பார்த்த அறையில் ஏழு ஓவியங்கள் வரிசையாக இருந்தன. ஏழிலும் அதே ஜன்னல், அதே முக்காலி, அரக்கு நிறச் சேலை கட்டிய ஒரு பெண். விளக்கம் சொல்ல வந்த பெண்ணுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். கன்னத்தில் மைக் ஒட்டியிருந்தது.

"இவங்க பேர் யாருக்கும் தெரியாது. வடக்கேர்ந்து வந்த ஓவியர் ஒருத்தர் இந்த வீட்ல ஆறு மாசம் கெஸ்ட்டா தங்கியிருந்தார். ஏழு படமும் இவங்களை வெச்சு வரைஞ்சதுதான். முகம் எப்படி மாறிக்கிட்டே போகுதுன்னு பாருங்க. முதல்ல ஒரு பயம், நாலாவதுல கோபம், கடைசில ஒரு நிறைவு. ஒருத்தர் மேல காதல் ஆழமாக ஆழமாக, அவங்க முகமே நமக்கு வேறயா தெரிய ஆரம்பிச்சிடும். இந்த சீரிஸோட அழகே அதுதான்."

"ஆறு மாசம், ஏழே படம்" என்று என் பின்னால் ஒருவன் இன்னொருவனிடம் கிசுகிசுத்தான். "மீதி நேரம்லாம் இன்னா மச்சான் பண்ணிகினு இருந்தாங்க?" இருவரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முதல் படத்தின் இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சின்ன வயதில் கம்மல் முள்வேலியில் மாட்டிக் காது மடல் கிழிந்துபோனது. தைக்காமல் விட்டதால் இரண்டு நுனியாகத் தொங்கும். படத்தில் இருந்ததும் அதே இரண்டு நுனி. மற்ற ஆறு படங்களில் முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது, இல்லையென்றால் காதின் மேல் முடி விழுந்திருந்தது. நான் அவற்றைப் பார்க்கவே இல்லை, ஒரு காதே எனக்குப் போதுமாக இருந்தது. சுவரில் வரைந்த வருடம் போட்டிருந்தார்கள். நான் பிறப்பதற்கு முந்தைய வருடம்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது விரல் விட்டு மாதங்களை எண்ணினேன். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல கறுப்பு, நான் மட்டும் மாநிறம். சிறு வயதில் இதற்காக என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். இப்போது அந்த நிறத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் யார் பிள்ளை? இப்படி நினைப்பது அசிங்கம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நினைப்பை விட முடியவில்லை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது, அவரிடம் கேட்கவும் வழியில்லை.

கருங்குழியில் தம்பியோடு இருக்கும் அம்மாவுக்கு மறுநாள் போன் செய்தேன்.

"ஏம்மா, அந்தச் சவுக்குத்தோப்பு பங்களால படம் வரையறவர் ஒருத்தர் தங்கியிருந்தாராமே?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் நின்றது.

"யாரு சொன்னா? யார்னா வந்து கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. சும்மாதான்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அடுப்புல கொழம்பு கீது, வெச்சிடறேன்."

மாலை நாலு மணிக்கு எந்த வீட்டில் குழம்பு கொதிக்கிறது? வேலைக்கு வருகிறவர்களில் பொய் சொல்கிறவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், யார் கேட்டது என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவளம் மாதா கோயிலுக்குப் போகலாம் வா என்று பொய் சொல்லி அம்மாவைக் கிளப்பினேன். மாதா என்னை மன்னிக்கட்டும்.

செங்கல்பட்டில் பஸ் மாறி, மாமல்லபுரத்தில் இன்னொரு முறை மாறி, ஈ.சி.ஆர் பஸ்ஸில் ஏறினோம். மாதாவுக்கென்று வாங்கிய மெழுகுவர்த்திப் பாக்கெட்டை அம்மா மடியில் வைத்திருந்தாள். அந்த இடம் நெருங்கியதும் வழக்கம்போல முந்தானை தலைக்கு ஏறியது. நான் எழுந்து அவள் கையைப் பிடித்தேன்.

"எறங்கும்மா."

"கோவளம் இன்னும் வரலடி."

"இங்க ஒரு வேலை இருக்கு, வா."

இறங்கி கேட்டைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. செக்யூரிட்டி வழக்கமாகக் கேட்பதுபோல ஆதார் கார்டு கேட்டு, நோட்டில் பெயரை எழுதினார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "பேர எதுக்குடி எழுதறான்?" என்றாள். வராந்தாவில் கால் வைக்கும்போது தனக்குத் தானே, "இத்தினி வருசம் கழிச்சி மாட்டிகினேனே, மாதாவே" என்று முணுமுணுத்தாள். அது என் காதில் தெளிவாக விழுந்தது. நான் நினைத்தது சரிதான் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன். பெற்ற தாயைச் சந்தேகக் கேஸ்போல நடத்திக்கொண்டு போகிறோமே என்று ஒரு நிமிடம் உறைத்தது, ஆனால் நிற்கவில்லை.

மாடி அறையில் அன்று எங்களைத் தவிர, கதவருகே நின்ற அதே விளக்கம் சொல்லும் பெண் மட்டும்தான். நான் படங்களைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அவள் கண் ஒவ்வொரு படமாகப் போனது. ஏழாவதில் நின்றதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரும்மா அது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதருகில் வந்தாள். "கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"எதை?"

"கேஸு கீஸு போடுவாங்களாடி? நான் மட்டும் இல்ல. நாங்க நாலு பேரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கிருந்த பெஞ்சில் அவளை உட்காரவைத்தேன். அவள் குரலைத் தணித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

தோட்டத்து மேஸ்திரி முதலில் கூப்பிட்டது அம்மாவைத்தான். மாடியில் ஒரு ஐயா படம் போடுகிறார், அரக்குச் சேலை கொடுப்பார்கள், கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும், தோட்டக் கூலியே கிடைக்கும் என்றாராம். அம்மா உட்கார்ந்தாள். கொஞ்ச நாளில் அவளால் முடியாமல் போனது. அவளோடு எப்போதும் ஒன்றாக வேலைக்குப் போகிற பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். நடவுக்குப் போகும்போது ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி அவள் இடத்தில் இறங்கி நடுவாள். நாற்று நட்டாகிறதா என்பதுதான் வயல்காரருக்குக் கவலை, யார் குனிந்தால் என்ன? அதே கணக்கில் இதற்கும் ஆள் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

"மொத நாளு மாத்தி வுட்டப்ப எங்களுக்கு உயிரே இல்ல. அந்தாளுக்குத் தமிழும் தெரியாது. வந்தான், பாத்தான், சேல மடிப்ப இழுத்து வுட்டான், போயி வரைய ஆரம்பிச்சிட்டான். அப்பால எங்களுக்குப் பயம் போயிடிச்சி. சேல வந்தா போதும், உள்ள யாரு குந்திகினு கீறான்னு அவனுக்கு இன்னா? யாருக்கு வேல இல்லியோ அவ சேலய கட்டிகினு போயிடுவா."

"இதுக்கா பயந்த?"

"மேஸ்திரி என் பேரத்தான் எழுதிக் குடுத்தாரு. ஆள ஏமாத்துனதுதான அது? தெரிஞ்சா நாலு பேருக்கும் தோட்டத்துல வேல போயிடும். யாரண்டயும் சொல்லக் கூடாதுன்னு மாதா படத்து மேல அடிச்சி சத்தியம் பண்ணோம்." விரல் நீட்டாமல், கண்ணாலேயே காட்டினாள். "மொதலும் ரெண்டும் நானு. அந்த மூணும் எதுத்த வூட்டுக்காரி, கோவம் பாரு அவளுக்கு, அன்னிக்கு மாமியாரோட சண்ட. ஆறாவது கோடி வூட்டுக்காரி, செத்துப் போயிட்டா. கடைசி கீறா பாரு, அவ நல்லா சாப்ட்டுட்டு வந்து குந்திகினு தூங்குவா."

அப்போதுதான் நான் ஏழு படங்களையும் ஒழுங்காகப் பார்த்தேன். நாலு தாடை, நாலு மூக்கு, நாலு நெற்றி. ஒரு விண்ணப்பத்தில் இப்படி வந்திருந்தால் அரை நிமிடத்தில் தூக்கி எறிந்திருப்பேன். கதவருகே நின்ற பெண்ணைக் கூப்பிட்டு நிறைவு என்றால் என்ன என்று கேட்க வேண்டும்போல இருந்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். நெஞ்சில் இரண்டு வாரமாக உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை.

"கேஸு இல்லன்னா இங்க எதுக்கு இட்டாந்த? அதுவும் மாதா பேரச் சொல்லி?"

"சும்மா, நீ இருக்கியேன்னு காட்டலாம்னு…"

"சும்மா காட்ட வந்தவ படத்தப் பாக்காம என் மூஞ்சியவே ஏன் பாத்துகினு இருந்த?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் முதல் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், என் மாநிறக் கையைப் பார்த்தாள். மெழுகுவர்த்திப் பாக்கெட்டை மடியிலிருந்து எடுத்து இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஆனால் கேட்டதுபோலத்தான். அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம்போல எனக்கு அவமானமாக இருந்தது.

படத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஒரு நா உங்கப்பன் சொல்லாம கொள்ளாம இங்க வந்துட்டாரு. கதவு தொறந்து கீது. நான் பட்டுச் சேல மாதிரி இத கட்டிகினு, தலைல பூ வெச்சிகினு குந்தினு கீறேன். எதுர அந்தாளு என்னப் பாத்துகினு கீறான். இன்னிக்கு வெட்டிப் போட்ருவாருன்னு நெனச்சேன். அவரு படிக்கட்டுல போயி குந்திகினாரு. வேல முடியற வரைக்கும் அங்கயே இருந்தாரு. வூட்டுக்கு நடந்து போறோம், வழி முச்சூடும் ஒரு பேச்சு இல்ல. காலனி முக்குல நின்னாரு. நீ அப்ப வயித்துல, மூணு மாசம்."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"'வயித்துப் புள்ளக்காரி இம்மாம் நேரம் அசையாம குந்திகினு கீறியே, முதுவு வலிக்கல?' அப்டின்னாரு. 'வலிச்சா நாளிக்கு வேற ஆள அனுப்பு, நடவுக்கு அனுப்பறதில்ல?' அப்டின்னாரு. கண்ணால பாத்த மனுசன் என்னக் கேட்டது அது ஒண்ணுதான்டி."