பெரிய அலைக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை

டஹிட்டி தீவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்று அலைச்சறுக்குக்குப் பேர்போன ஒரு கடலோரக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

மாப்பிள்ளை பலகையோடு கடலில் இறங்கினார். மகள் கையைப் பிசைந்துகொண்டு கரையில் நின்றாள்.

நான் புதுச்சேரிப் பக்கம் பனித்திட்டு மீனவக் கிராமத்தில் கட்டுமரம் ஓட்டியவன். பெரிய அலைகள் ஓய்ந்த இடைவெளியில்தான் நாங்கள் கரையேறுவோம். மூன்று பெரிய அலை அடித்து ஓய்ந்ததும் துண்டை வீசிக் கத்தினேன். "மாப்ள, அலை ஓஞ்சிடுச்சி, இப்பவே கரைக்கு வந்துடுங்க!"

"அலை இல்லாம எப்பிடி மாமா வர்றது?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"இன்னாடி சொல்றாரு உன் வூட்டுக்காரரு?"

"பெரிய அலைக்குத்தான்பா காத்துக்கினு இருக்காரு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதுவும் வந்தது. மாப்பிள்ளை ஒரு பக்கம் கரை சேர்ந்தார், பலகை ஒரு பக்கம் கரை சேர்ந்தது. முட்டியெல்லாம் சிராய்ப்பு. சிரித்துக்கொண்டே திரும்பவும் இறங்கிவிட்டார்.

பனித்திட்டுக்காரர்களே, பெண் பார்க்க வந்தபோது நீச்சல் தெரியுமா என்றுதான் கேட்டேன். வேறு என்ன கேட்டிருக்க வேண்டும்?